இறக்கும் நேரம் இருபது நிமிடம்

ரூட்டு என்று அவரைக் கூப்பிடுகிற கம்பெனிகள் ஒரு காலத்தில் பதினாலு இருந்தன. இப்போது ஒரு பால் கம்பெனி மட்டும் பாக்கி. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு, கடன் வேண்டுமா என்று வங்கியிலிருந்து கேட்கும் பெண்ணை விட்டால் வேறு ஆள் இல்லை.

அவருடைய வேலை இதுதான்: குளிர்சாதன லாரி எந்தத் தெரு வழியாகப் போய், எந்தக் கடை வாசலில், எந்நேரம் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்றை விற்பது, விற்ற இடத்தில் பொருத்துவது, பொருத்திய பிறகு திட்டு வாங்குவது. முதல் இரண்டிலும் அவர் சுமார். மூன்றாவதில் மன்னன்.

விடிந்தும் விடியாததுமாகப் போன் அடிக்கும். "ரூட்டு சார், உங்க சிஸ்டத்துக்குக் கண்ணு இருக்கா இல்லையா? லாரியைக் கொண்டுபோய் ஸ்கூல் வாசல்ல நிறுத்தியிருக்கு. பிள்ளைங்க ஏறி விளையாடுது!" கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே அவர் மடிக்கணினியைத் திறப்பார். "மாத்திடுறேன், மாத்திடுறேன். டிரைவரை மெதுவா பின்னாடி எடுக்கச் சொல்லுங்க." அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் நாலு வார்த்தை விழும். போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போகும்போது அவருக்குத் தானாக விசில் வரும்.

பிறகு கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்தப் பெரிய நிறுவனத்துக்குப் போயின. பெரிய நிறுவனம் எல்லாவற்றையும் விற்கும். சம்பளக் கணக்கு, வரவு செலவு, கிடங்கு, கொள்முதல், ஆள் எடுப்பது, எடுத்த ஆளை அனுப்புவது, எல்லாம் ஒரே கூரையின் கீழ். லாரிக்கு வழி சொல்வது அதில் இனாம், ஜவுளிக்கடையில் கொடுக்கிற பை மாதிரி. பையின் காது முதல் நாளே அறுந்துவிடும். ஆனால் சும்மா கொடுத்த பையைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போடுகிறவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அப்படியே போட நினைத்தாலும், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது என்று ஓர் இயந்திரம் சொல்லும். சொல்லிக்கொண்டே இருக்கும்.

இப்படிப் பதின்மூன்று போனபோது, காலை நேரத்தில் வீட்டில் சத்தம் அநேகமாக அடங்கிவிட்டது; பால் கம்பெனியின் திட்டு மட்டும் பாக்கி. அலுவலகத்திலும் பேச்சுத்துணை கிடையாது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு மேல்மாடியில் ஓர் அறை. கீழே யாராவது இரும்பைப் போட்டால் மேலே இவர் டீ தளும்பும். பாஸ் தன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார், அதாவது பார்ப்பதாகச் சொல்கிறார். நிரல் எழுதுபவர் வேறு ஊரில் இருந்துகொண்டு குறுஞ்செய்தியில் மட்டும் வாழ்கிறார்.

வீட்டுக் கதை வேறு. மகளுக்குப் பிரசவம் என்று மனைவி வெளிநாடு போனார். "ஆறு மாசம், ஓடி வந்துடுறேன்" என்றார். குழந்தை தலை நிற்கட்டும் என்றார். நடக்கட்டும் என்றார். பள்ளிக்கூடத்தில் போடட்டும் என்றார். இப்போது அந்தக் குழந்தை வீடியோவில், "தாத்தா, உங்க மைக் ஆஃப்ல இருக்கு" என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. ஒருநாள் மனைவி காரணம் சொல்வதை நிறுத்தினார். அதற்கு அடுத்த வாரம் இவர் கேட்பதை நிறுத்தினார். அக்கம்பக்கம் விசாரித்தால், "அடுத்த மாசம் வர்றா" என்பார். எந்த மாதத்துக்கு அடுத்தது என்று யாரும் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் பால் கம்பெனி முதலாளியின் மருமகன் மேல்படிப்பு முடித்துவிட்டு வந்து சேர்ந்தார். கம்பெனியில் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை. வந்த வேகத்தில் பெரிய நிறுவனத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பாஸ் போன் செய்தார். "இதுவும் போச்சுன்னா கடையைச் சாத்திடலாம்யா. அந்த சுழல் நாற்காலி வேணும்னா நீயே எடுத்துட்டுப் போ. முதுகுக்கு நல்லது."

முதலாளி ஒரு போட்டி வைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே வாடிக்கையாளர் பட்டியல். புதன்கிழமை லாரிகளை யார் எப்படி அனுப்புவார்கள் என்று திரையில் காட்ட வேண்டும்.

பெரிய நிறுவனத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நீல பனியன், ஒரே பை, ஒரே சிரிப்பு. நடுவில் உட்கார்ந்தவர் தலைமை ஆலோசகர். மற்ற ஆறு பேரும் அவர் பேசும்போது தலையாட்டுவதற்கு. எதிர்ப்பக்கம் ரூட்டு தனியாக, ஆறு காலி நாற்காலிகளோடு. டெப்போவில் லாரிகளை ஏற்றி அனுப்பும் பெண்மணி, அவரை விட வயதானவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், உள்ளே வந்து நிலவரத்தைப் பார்த்தார். இவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னண்ணே, பொண்ணு பாக்கற வீட்டுக்கு மாப்பிள்ளை மட்டும் தனியா வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"பேசாம இருங்கக்கா, சிரிப்பு வந்துடும்."

"சிரிங்க. அழுதா மட்டும் காசு கூடக் குடுப்பாங்களா?"

முதலாளி வந்தார். "எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் பேச்செல்லாம் ஏறாது. ஒண்ணே ஒண்ணு. லாரி போய் நிக்கிற இடத்துல கதவு திறக்கணும். திறக்கலைன்னா உள்ள இருக்கற பால் என்னைத் திட்டிக்கிட்டே புளிக்கும். பூட்டின கதவுக்கு எவன் லாரி அனுப்பறானோ அவன் மூட்டையைக் கட்டலாம். அவ்வளவுதான் என் சட்டம்."

ரூட்டு தன் வரைபடத்தைக் காட்டிக் கால் மணியில் முடித்தார். குறைந்த தூரம், ஒழுங்கான நேரம். பார்க்க அழகாக இல்லை. அவருடைய திரையின் நிறம் எட்டு வருஷத்துக்கு முன் யாருக்கோ பிடித்த சாம்பல்.

ஆலோசகர் எழுந்தார். "இது வெறும் மேப் இல்ல சார். இது ஒரு பயணம்."

"லாரிக்கா?" என்றார் முதலாளி.

"உங்க நிறுவனத்துக்கு சார்."

"எங்க நிறுவனம் எங்கயும் போகலயே. இங்கதானே இருக்கு?"

ஆறு பேர் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். திரையில் நகரம் ஒளிர்ந்தது. வண்ண வண்ணமாகப் புள்ளிகள் பூத்தன. ஆலோசகர் ஒன்றைச் சொடுக்க, அது பச்சையாகப் பெரிதாகி மினுக்கியது.

"எட்டு வருஷத் தகவலை எங்க செயற்கை நுண்ணறிவு அலசியிருக்கு. ஒவ்வொரு முகவரியையும் சரிபார்த்திருக்கு. அலசி, உங்களோட வைர வாடிக்கையாளரைக் கண்டுபிடிச்சிருக்கு. வாராவாரம் புதன்கிழமை ஒரு பெட்டி தயிர். எட்டு வருஷமா ஒரு ஆர்டர்கூட ரத்து கிடையாது. ஒரு டப்பாகூடத் திருப்பினது கிடையாது. ஒரு புகார் கிடையாது. பெறுபவர்: வீட்டம்மா. எந்நேரமும் இருப்பார். இந்த ஊர்லயே எந்நேரமும் கதவு திறக்கிற ஒரே வாடிக்கையாளர் சார் இது! இறக்கும் நேரம் இருபது நிமிஷம். ஒரு பெட்டியை இறக்க இருபது நிமிஷம் குடுக்கறோம்னா அந்த உறவு எவ்வளவு ஆழமா இருக்கணும்!"

ரூட்டு அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தார். வளைந்து போகும் சந்து. சந்தின் முனையில் மின்கம்பம். அது அவர் வீடு.

புது இடத்தில் மென்பொருளைப் பொருத்தும்போதெல்லாம் முதல் வாடிக்கையாளராகத் தன் வீட்டைப் போடுவது அவர் வழக்கம். சோதித்துப் பார்க்க ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரியைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சந்தில் லாரி திரும்பாது, பின்னால்தான் வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கதவு உள்பக்கம் திறக்கும் என்று தெரியும். பால் கம்பெனியில் பொருத்திய புதிதில் நிஜ லாரி ஒன்றை நிஜமாகவே வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார். ஒரு பெட்டியை இறக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் மனைவி டிரைவரை உட்கார வைத்து, டீ கொடுத்து, அவருடைய தங்கையின் மாமியார் எப்படிப்பட்டவர் என்பது வரை கேட்டு முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. உள்ளதை உள்ளபடி போடுவதுதான் தொழில் தர்மம் என்று இருபது நிமிடம் என்றே பதிந்தார். வாராவாரம் புதன்கிழமை ஒரு பெட்டி தயிர், பெறுபவர் வீட்டம்மா, எந்நேரமும் இருப்பார் என்றும் போட்டார். பிறகு பக்கத்திலிருந்த 'சோதனை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். டிக் இருந்தால் லாரி போகாது. பெரிய நிறுவனத்தின் மென்பொருளில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. டிக் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

அவர் மெல்லக் கையைத் தூக்கினார். "அது கடை இல்லைங்க. என் வீடு."

அக்கா மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் தண்ணீர்ப் பாட்டில் உருண்டது. முதலாளிக்குத் தொந்தி குலுங்கியது. "வைர வாடிக்கையாளரா! யோவ் ரூட்டு, எட்டு வருஷமா என் தயிரைத் தின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

"முதல் நாள் பெட்டிக்கு அப்புறம் ஒரு டப்பா வந்ததில்லைங்க. அது சோதனைக்குப் போட்டது. இவங்க பட்டியலைப் படிக்காம அப்படியே எடுத்துக் கொட்டியிருக்காங்க."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. தலையாட்டும் ஆறு பேருக்கும் எந்தத் திசையில் ஆட்டுவது என்று தெரியவில்லை. எட்டு வருஷத்தில் ரூட்டுக்கு இப்படி ஒரு நிமிடம் வாய்த்ததில்லை.

ஆனால் தலைமை ஆலோசகர் சும்மா தலைமை ஆகவில்லை. இரண்டு விநாடியில் சிரிப்பை மீட்டுக்கொண்டார். "கடையா வீடாங்கறது கேள்வி இல்ல சார். முதலாளி சொன்ன சட்டம் என்ன? கதவு திறக்கணும். நீங்களே சொல்லுங்க. புதன்கிழமை லாரி போனா உங்க வீட்டுக் கதவு திறக்குமா, திறக்காதா?"

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள்.

பூட்டித்தான் இருக்கும். இரண்டே வார்த்தை. சொன்னால் நீல பனியன்கள் மூட்டையைக் கட்டும். காலையில் போன் அடிக்கும், அக்கா திட்டுவார், டீ தளும்பும். சொல்ல வாயைத் திறந்தார். திரையில் அந்த வரி கொட்டை எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. ஏன் பூட்டியிருக்கும், வீட்டம்மா எங்கே என்று முதலாளி கேட்பார். கேட்காமல் விடுகிற மனிதர் இல்லை அவர். பதில் சொல்ல வேண்டியிருக்கும், ஏழு நீல பனியன்களுக்கு முன்னால்.

"திறக்கும்" என்றார் ரூட்டு. "எப்பவும் ஆள் இருப்பாங்க."

"அப்ப அவங்க சொன்னது சரியாத்தானேய்யா இருக்கு?" என்றார் முதலாளி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ஆறு தலைகளும் நிம்மதியாக ஆடின.

படிக்கட்டில் அக்கா வழிமறித்தார். "அண்ணி எப்ப வந்தாங்க?"

"வந்துடுவா."

"நான் எப்ப வருவாங்கன்னு கேக்கல."

ரூட்டு பையின் வாரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"சரி, விடுங்க" என்றார் அக்கா. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அவங்களுதை மூணு மாசம் ஓட்டிப் பாத்துட்டுதான் கையெழுத்துன்னு முதலாளி சொல்லியிருக்காரு. உங்க வீட்டுப் புள்ளியை எடுக்கச் சொல்லி நான் வாயே திறக்க மாட்டேன். முதல் புதன்கிழமை லாரி வரும். நீங்க வீட்டைப் பூட்டிட்டு எங்கயாவது போயிடுங்க. ஒரே ஒரு பூட்டின கதவு போதும், அவங்களோட ஒரே கூரையை முதலாளியே பிரிச்சுடுவாரு. அண்ணி ஊருக்குப் போயிருக்காங்கன்னு நான் சொல்லிக்கறேன். அதுல பொய்யும் இல்லையே."

அன்று வீடியோவில் மனைவியிடம் சொன்னார். "இன்னைக்கு உன்னைப் பெரிய திரையில போட்டுக் காட்டினாங்க. எந்நேரமும் இருப்பார்னு."

மனைவி சிரித்தார். பிறகு, "அதை இன்னுமா எடுக்காம வச்சிருக்கீங்க?" என்றார். இவர் ஏதோ சொன்னார். "என்ன? கேக்கல" என்றார் மனைவி. இந்த முறை மைக் சரியாகத்தான் இருந்தது. இவர்தான் வாய்க்குள்ளேயே பேசியிருந்தார். அதற்குள் குழந்தை கூப்பிட்டது.

மாதம் பிறந்தது. பால் கம்பெனி புது மென்பொருளுக்கு மாறியது. முதல் நாள் காலை ரூட்டு வழக்கம்போல் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். போன் சும்மா கிடந்தது. சத்தம் கூட்டி வைத்திருக்கிறதா என்று பார்த்தார். கூட்டித்தான் இருந்தது. தரைவழிப் போனிலிருந்து தன் எண்ணுக்குத் தானே அடித்துப் பார்த்தார். அழகாக அடித்தது. மறுநாள் கடன் வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம், வட்டி எவ்வளவு, எத்தனை வருஷம், என்னென்ன ஆவணம் என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார். இத்தனை வருஷத்தில் தன்னிடம் இவ்வளவு பேசிய முதல் ஆள் இவர்தான் என்று அந்தப் பெண் பயந்து போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை வந்தது. ரூட்டு சட்டையை மாற்றினார். சன்னலைச் சாத்தினார். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கேயாவது போங்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். போவதற்கு அவருக்கு இடம் எதுவும் தோன்றவில்லை. சந்து முனையில், மருந்துக்கடை வாசலில், இருமல் மருந்து விளம்பரத்தைப் படிப்பதுபோல் நின்றார்.

லாரி வந்தது. நெடுஞ்சாலையில் ஓட வேண்டிய பெரிய லாரி. ஆலோசகரின் நுண்ணறிவுக்குச் சந்தின் அகலம் தெரியாது. முன்பக்கமாக நுழைந்து, மின்கம்பத்தோடு கொஞ்ச நேரம் பேச்சுவார்த்தை நடத்தி, வெளியே வந்து, மறுபடி பின்பக்கமாக நுழைந்தது. ரூட்டுக்குக் கை பரபரத்தது. இடது பக்கம் ஒடிங்க, இன்னும் ஒடிங்க என்று உதடு அசைந்தது. டிரைவர் இறங்கி, மணியை அடித்தார். கதவைத் தட்டினார். பூட்டைத் தூக்கிப் பார்த்தார்.

அவ்வளவுதான். இன்னும் இரண்டு நிமிடம் சும்மா நின்றால் போதும். டிரைவர் கையிலிருக்கும் கருவியில் கதவு திறக்கவில்லை என்று அமுக்குவார். அது முதலாளி மேசைக்குப் போகும். கூரை பிரியும்.

டிரைவர் கருவியைப் பார்த்தார். தன் போனை எடுத்தார்.

ரூட்டின் சட்டைப்பையில் போன் அடித்தது.

வாடிக்கையாளரின் தொடர்பு எண். அதையும் எட்டு வருஷத்துக்கு முன் இவரேதான் போட்டிருந்தார். எடுக்கக் கூடாது. அடித்தது. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இன்னும் அடித்தது. கடன் கேட்ட பெண்ணைத் தவிர யாரும் கூப்பிடாமல் நான்கு நாளாகச் செத்துக் கிடந்த போன் பைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. கை தானாகப் போயிற்று.

"ஹலோ."

"யாரு சார் நீங்க? வீட்டைப் பூட்டிட்டு எங்க போய்த் தொலைஞ்சீங்க? எந்நேரமும் ஆள் இருப்பாங்கன்னு போட்டிருக்கு, இங்க ஈ காக்காகூட இல்ல! இந்தச் சந்துக்குள்ள வண்டியை விட்டுட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். தயிர் வேணுமா வேணாமா?"

"இதோ வந்துட்டேன்" என்றார் ரூட்டு. "ரெண்டே நிமிஷம். வச்சுடாதீங்க, இதோ, லைன்லயே இருங்க."

ஓடினார். அந்த வயதில், அந்தச் செருப்போடு, ஓட்டம் என்று சொல்லத்தக்கதாக அது இல்லை. பாதி வழியில்தான் அவருக்குப் புரிந்தது, தான் பால் கம்பெனியை நழுவவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று. சாவி கையில் இருந்தது. நிற்கவில்லை.

கதவு திறந்தது. டிரைவர் கருவியில் 'ஆம்' என்ற இடத்தை அமுக்கி, பெட்டியை உள்ளே வைத்தார். பிறகு வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கிளம்பலையா?" என்றார் ரூட்டு, மூச்சு வாங்க.

"எப்படிக் கிளம்பறது? இறக்கற நேரம் இருபது நிமிஷம்னு போட்டிருக்கு. முன்னாடியே எடுத்தா, ஏன் அவசரம்னு சிவப்பு விழும். அதுக்கு ஒரு விளக்கம் எழுதணும். ஒரு பெட்டி தயிருக்கு இருபது நிமிஷமாம்! எந்த மடையன் போட்டானோ. ஏசி ரூம்ல காலை நீட்டி உக்காந்துக்கிட்டு, லாரின்னா என்னன்னே தெரியாத ஒரு தண்டம்..."

ரூட்டு கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "ஆமாங்க" என்றார். "அவனைச் சும்மா விடக் கூடாது."

"கையில கிடைக்கட்டும் சார், கேக்கறேன். நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

டிரைவருக்குத் திட்டுவதற்கு இன்னும் நிறைய இருந்தது. கருவியில் பதினேழு நிமிடம் மீதி காட்டியது. சட்டைப்பையில் அக்காவின் அழைப்பு அடித்து ஓய்ந்தது. ரூட்டு சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். இரண்டு பேருக்கு எவ்வளவு தண்ணீர் என்று கை மறந்திருந்தது. அதிகமாகவே வைத்தார்.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"இருக்கு. ஏன் சார்?"

"சும்மாதான். மாமியார் எப்படி?"